எஃபிகேஷஸ், எஃபெக்டிவ்: இரண்டும் ஒன்றா?

கேள்வி:
மருந்துக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்குகிறேன். ‘எஃபிகேஷஸ்’ என்று வருகிறது. அகராதி ‘பயனுள்ள’ என்கிறது. ‘எஃபெக்டிவ்’வுக்கும் அதையேதான் தருகிறது. வித்தியாசம் உண்டா? ஆட்களைப் பற்றிச் சொல்லவும் இது பொருந்துமா?

பதில் 1:
ஆளுக்குப் போடாதீர்கள். ‘எஃபிகேஷஸ் டீச்சர்’ காதில் இடறும், அங்கே ‘எஃபெக்டிவ்’தான். எஃபிகேஷஸ் மருந்து, சிகிச்சை, வழிமுறை போன்றவற்றுக்கு. ‘இந்த மாத்திரை நல்லா கேட்குது’ என்கிறோமே, அந்தக் கேட்பதுதான். ‘கைகண்ட மருந்து’ என்பது மிக நெருக்கம், ஆனால் விளம்பர வாடை அடிக்கும், குறிப்பில் வேண்டாம். உச்சரிக்கும்போது அழுத்தம் ‘கே’யில்.

பதில் 2:
மருத்துவத்தில் வேறுபாடு கறாரானது. கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வில் கிடைக்கும் பலன் எஃபிகசி. வேளை தவறி விழுங்குவோர், வேறு நோயும் உள்ளவர்கள் என ஊர் முழுக்கப் புழங்கும்போது கிடைப்பது எஃபெக்டிவ்னஸ். இது பெரும்பாலும் குறைந்தே நிற்கும். 2020இல் ஃபைசர்-பயோஎன்டெக் கொரோனா தடுப்பூசி ஆய்வில், ஏறக்குறையச் சம அளவுள்ள இரு குழுக்களில் ஊசி போட்டோரில் 8 பேருக்கும் ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி ஊசி போட்டோரில் 162 பேருக்கும் நோய் வந்தது. எட்டை 162ஆல் வகுத்தால் சுமார் 5%. மீதி 95%தான் எஃபிகசி. ‘நூற்றில் 5 பேருக்கு நோய் வரும்’ என்று மொழிபெயர்த்தால் தப்பு. போடாதவர்களோடு ஒப்பிட்டால் ஆபத்து 95% குறைந்தது, அவ்வளவுதான்.

பதில் 3:
செய்தித்தாள்கள் இதற்குச் ‘செயல்திறன்’ என்று எழுதிக் குழப்பிவிட்டன. அது ‘எஃபிஷியன்சி’க்கு உரியது: குறைந்த செலவில் அதே வேலை. 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்ஈடி தருகிறது. இருட்டை விரட்டுவதில் இரண்டும் எஃபெக்டிவ். எஃபிஷியன்ட் எல்ஈடி மட்டும். இலங்கைப் பாடநூல்களில் எஃபிஷியன்சி ‘வினைத்திறன்’, எஃபெக்டிவ்னஸ் ‘விளைதிறன்’. அழகான பிரிவு.

இன்னொரு பொறி: ‘எஃபெக்டிவ் ஃப்ரம் ஏப்ரல் 1’ என்றால் பயனுமில்லை, பலனுமில்லை, ‘ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்’.

கேட்டவர்:
அப்படியானால் ‘ஆய்வில் பலன் தருவதாக நிறுவப்பட்டது’ என்று எழுதலாமா?

பதில் 2:
எழுதலாம். எந்த நோய்க்கு என்பதையும் சேர்த்துவிடுங்கள். ‘எஃபிகேஷஸ் அகெய்ன்ஸ்ட்’ என்று மூலத்தில் பக்கத்திலேயே இருக்கும். ‘ஆய்வில்’ என்ற சொல்லை மட்டும் இடம் போதவில்லையென்று வெட்டிவிடாதீர்கள்.