காலையில் மட்டும் வீங்கும் கண்: பிள்ளைகளின் சிறுநீரகக் கோளாறு பற்றிச் சில அனுபவங்கள்

தஞ்சாவூர் அம்மா:

என் மகனுக்கு அப்போது மூன்றரை வயது. ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு கண்ணும் வீங்கி எழுந்தான். பூச்சி கடித்திருக்கும் என்றார் மாமியார். மத்தியானத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டதால் நானும் மறந்துவிட்டேன். மறுநாள் காலை மறுபடியும் அதே வீக்கம். பக்கத்து கிளினிக்கில் அலர்ஜி என்று ஒரு சிரப்பும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். பத்து நாள் அப்படியே ஓடியது. இதற்குள் கன்னம் உப்பி, 'பிள்ளை நல்லா சதை போட்டுட்டான்' என்று தெருவே சந்தோஷப்பட்டது.

குளிப்பாட்டும்போதுதான் கவனித்தேன், அரைஞாண் கயிறு இடுப்பில் பதிந்து கிடந்தது. கத்தரியால்தான் எடுக்க முடிந்தது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் கண்ணைப் பார்க்கவே இல்லை. 'ஒண்ணுக்கு போனா நுரை நிக்குதா?' என்றுதான் முதலில் கேட்டார். யூரினில் அல்புமின் என்ற புரதம் 4+, அதாவது மிக அதிகம். நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்றார். சிறுநீரக வடிகட்டியில் புரதம் கசிந்து வெளியே போகிறது, அதனால் ரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்க ஆள் இல்லை, அந்த நீர் சதைக்குள் இறங்குகிறது. படுத்திருக்கும்போது முகத்தில் தேங்கும், எழுந்து நடமாடினால் காலுக்கு வரும். எங்கள் 'பூச்சிக்கடி' மத்தியானம் வடிந்த ரகசியம் இதுதான்.

மருந்து ஸ்டீராய்டு. எடைக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில் ஆறு வாரம் தினமும், பிறகு அளவைக் குறைத்து ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். ஸ்டீராய்டு என்றதும் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. மாமியார் நீர்முள்ளிக் கஷாயம் போதும் என்றார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த மருந்து கேட்கும், பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து என்று டாக்டர் அவரையே உட்கார வைத்துச் சொன்ன பிறகு சமாதானம் ஆனார். பதினோராம் நாள் யூரின் சுத்தமானது. ஆனால் அந்தப் பசி! விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தோசை கேட்பான். முகம் பௌர்ணமி நிலா மாதிரி ஆனது, அடங்காத கோபம் வேறு. மருந்து குறையக் குறைய எல்லாம் தணிந்தது.

வீட்டிலேயே யூரின் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். டெஸ்ட் டியூபில் முக்கால் பங்கு சிறுநீர், மேல்பகுதியை மட்டும் மெழுகுவர்த்தியில் காட்டிக் கொதிக்க விட வேண்டும். கலங்கினால் இரண்டு சொட்டு வினிகர். அப்புறமும் கலங்கல் போகாவிட்டால் புரதம். எங்கள் வீட்டில் டியூபுக்குப் பின்னால் தினசரி காலண்டர் தாளைப் பிடிப்போம். ராகுகாலம் எமகண்டம் படிக்க முடிந்தால் பயமில்லை. எழுத்து மறைந்து, வெந்த முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரிதிரியாக நின்றால் 3+, 4+. மூன்று நாள் தொடர்ந்து அப்படி இருந்தால் நோய் திரும்பிவிட்டது என்று கணக்கு. இப்போது ஸ்ட்ரிப் வாங்குகிறோம், தொட்டு எடுத்தால் நிறம் சொல்லிவிடும். அந்தக் காலண்டர் தாள் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

இதுவரை நான்கு முறை திரும்பியது. நான்கிலும் முன்னால் ஒரு சளிக்காய்ச்சல். மூன்றாவது முறை முழு அளவு மருந்தில் இருந்தபோது எதிர்வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். முந்தின நாள்தான் அந்த வீட்டுப் பையனோடு விளையாடியிருந்தான். அம்மை என்றால் நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குவார்கள் இல்லையா, நான் அன்று இரவே கிளம்பிவிட்டேன். ஸ்டீராய்டு குடிக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை சாதாரணமாகப் போகாது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். முன்கூட்டியே மருந்து கொடுத்தார்கள், நாலு கொப்புளத்தோடு தப்பித்தான்.

கோவை ஆசிரியை, இரண்டு பெண்களுக்கு அம்மா:

எங்கள் கதை வேறு, சகோதரி. என் இரண்டாவது மகளுக்கு எட்டு வயதில் ஒரே வருடத்தில் மூன்று முறை நீர்க்கடுப்பு. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக், சரியாகும், மறுபடி வரும். பாட்டி கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு தடவுவார், பார்லி கஞ்சி காய்ச்சுவார். கஞ்சி நல்லதுதான். சுண்ணாம்பு பற்றி நான் வாய் திறப்பதில்லை.

சிறப்பு மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி சிறுநீர் பற்றியே இல்லை. 'தினமும் வெளிக்குப் போகிறாளா?' எனக்குத் தெரியவில்லை. கேட்டால் நாலு நாளுக்கு ஒருமுறை, அதுவும் கல் மாதிரி. மலம் தேங்கினால் அது சிறுநீர்ப்பையை அழுத்தும், சிறுநீர் முழுதாக வெளியேறாது, மிச்சத்தில் கிருமி வளரும் என்றார். ஒண்ணுக்குப் போய்விட்டு வந்த உடனே எடுத்த ஸ்கேனிலேயே 60 மில்லி பாக்கி இருந்தது.

ஏன் இப்படி என்று தோண்டினால் கடைசியில் பள்ளிக் கழிப்பறை. தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய். காலை எட்டு மணிக்கு வீட்டில் போனால் சாயங்காலம் நாலரைக்குத்தான். போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. பாட்டில் நிறைத்த மாதிரியே திரும்பி வரும், செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவாள். நானும் ஒரு ஆசிரியைதான். வகுப்பு நடுவில் கை தூக்கிய எத்தனை பிள்ளைகளை 'உட்காரு, பெல் அடிக்கட்டும்' என்று சொல்லியிருக்கிறேன்! கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் குடிக்க என்றே தனி மணி அடிக்க ஆரம்பித்தார்கள். குடித்ததை விடுவதற்கு ஒரு தாழ்ப்பாளும் வேண்டுமே என்பதுதான் என் கவலை.

மலமிளக்கி ஆறு மாதம். மூன்று மணிக்கொருமுறை கட்டாயம் பாத்ரூம், போய்விட்டு இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு முறை. கால் தொங்காமல் பதிய ஒரு முக்காலி போட்டோம். இரண்டு வருடமாகத் தொற்று இல்லை.

லேப் வேலை பார்ப்பவள்:

ஒரே ஒரு விஷயம். கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, யூரின் கொடுக்கும்போது ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்பே கொடுங்கள். கைக்குழந்தைக்கு ஒட்டும் பையில் பிடித்ததில் தோலில் உள்ள கிருமியும் சேர்ந்து வளரும், அதை வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது. கழுவிவிட்டு, முதல் கொஞ்சத்தை விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். குளிர்ந்த ஈரத்துணியால் அடிவயிற்றைத் தேய்த்தால் பல குழந்தைகள் போய்விடும். பிடித்ததை உடனே கொண்டு வாருங்கள், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். வண்டி டிக்கியில் மூன்று மணி நேரம் வெயிலில் வைத்துக் கொண்டு வருகிறார்கள்!

செங்கல்பட்டு அப்பா:

ஆண் குழந்தையைத் தூக்கினால் முகத்தில் பீச்சியடிப்பான் என்பார்கள். எங்கள் பையன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. சொட்டுச் சொட்டாக, முக்கி முக்கித்தான் போவான். என் அம்மாதான், 'நாலு பிள்ளை வளர்த்தவ சொல்றேன், இது சரியில்லைடா' என்றார். கர்ப்பத்தில் ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே சிறுநீரகம் லேசாக வீங்கியிருக்கிறது, பிறந்தபின் பார்க்கணும் என்று எழுதியிருந்தார்கள். குழந்தை பிறந்த சந்தோஷத்தில் அந்தத் தாள் ஃபைலுக்குள்ளேயே கிடந்தது. அது என் தப்பு.

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எம்சியு என்ற எக்ஸ்ரே எடுத்தார்கள்: சிறுநீர்ப்பைக்குள் குழாய் வைத்து மருந்து ஏற்றி, குழந்தை ஒண்ணுக்குப் போகும்போது படம் பிடிப்பது. அவன் அழுத அழுகையில் என் மனைவி வெளியே போய்விட்டாள், நான்தான் காலைப் பிடித்துக்கொண்டேன். சிறுநீர்க் குழாயில் பிறவியிலேயே ஒரு ஜவ்வு வால்வு மாதிரி அடைத்திருந்தது. ஆண் குழந்தைகளுக்கு மட்டும் வருவதாம். கேமரா வைத்த மெல்லிய கருவியை உள்ளே விட்டு அதை வெட்டிவிட்டார்கள், வயிற்றில் தையல் கிடையாது. இப்போது ஐந்து வயது. அடைப்பு போனாலும் சிறுநீரகம் பட்ட அடி பட்டதுதான் என்பதால் வருடத்துக்கு இரண்டு முறை கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பிபியும் பார்க்கிறோம். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் டயப்பர் மாற்றும்போது என் அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பினார். அப்படியும் கண்ணாடி நனைந்துவிட்டது.

தஞ்சாவூர் அம்மா:

செங்கல்பட்டு அண்ணா, சிரித்துக்கொண்டே அழுதேன்.

உப்பு பற்றித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வீக்கம் இருக்கும்போது அப்பளம், ஊறுகாய், சிப்ஸ் கிடையாது, சமையலில் உப்பு பாதி. வீக்கம் வடிந்த பிறகு வீட்டுச் சாப்பாடுதான். முட்டையும் பருப்பும் எப்போதும் போல. புரதம் போகிறதே என்று டப்பா டப்பாவாகப் பவுடர் வாங்கிக் கொடுத்தது வீண்செலவு என்று பின்னால்தான் தெரிந்தது. காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், வீங்கிய வயிற்றுக்குள் கிருமி தொற்றியிருக்கலாம்.

அவனுக்கு இப்போது எட்டு வயது, பதினான்கு மாதமாக மருந்தில்லை. சளி பிடித்தால் மட்டும் தினமும் ஸ்ட்ரிப் பார்க்கிறோம். இன்று காலை அவனே பார்த்துவிட்டு நோட்டில் 'நில்' (nil, புரதம் இல்லை) என்று எழுதினான், பக்கத்தில் 'மூக்கு ஒழுகல்: 3+'.