புதுப்பிப்பு: குறுவை உரக் கணக்குக்கு விடை கிடைத்தது

போன வாரம் கேட்டது இதுதான்: மன்னார்குடிப் பக்கம் எங்கள் 3 ஏக்கர் குறுவைக்குக் குறைந்த செலவில் உரம் வாங்க, பைத்தான் நிரல்மொழியில் பல்ப் (PuLP, நிபந்தனைகளுக்கு உட்பட்டு மலிவான விடையைத் தேடித் தரும் நிரல் தொகுப்பு) நூலகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லா மூட்டையும் பூஜ்ஜியம் என்று வருகிறது, ஏன்?

குறியைப் பார்க்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. சத்துத் தேவைக்குக் 'குறையாமல்' என்று போட வேண்டிய இடத்தில் 'மிகாமல்' என்று போட்டிருந்தேன். அப்படிச் சொன்னால் எதுவும் வாங்காததுதானே மலிவு! தழைச்சத்து 180, மணிச்சத்து 60, சாம்பல்சத்து 60 கிலோவுக்குக் குறையாமல் என்று திருத்தியதும் யூரியா 7.56, டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரம்) 2.61, பொட்டாஷ் 2 மூட்டை வந்தது. (யூரியா மூட்டை 45 கிலோ, மற்றவை 50.)

சரி, கடையில் மூட்டையைப் பிரித்துத் தர மாட்டார்கள். மாறிகளை, அதாவது மூட்டை எண்ணிக்கைகளை, முழு எண்ணாக அறிவித்தேன்: யூரியா 8, டிஏபி 3, பொட்டாஷ் 2 என்று வந்தது. அப்பா வழக்கமாக டிஏபி 5 வாங்குவார்.