மறு: ஆளுக்கும் ஊருக்கும் ஒரே பெயர் – கலைச்சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆளுக்கும் ஊருக்கும் ஒரே பெயர் இருந்தால் அதைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது என்ற இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. இதுவரை வந்த பரிந்துரைகள்: 'பெயரன்', 'இடவாகுபெயர்', 'ஒருபெயர்த் தொகுதி', 'பெயர்ப் பொருத்தம்'. அப்புறம், ஒரே பெயருள்ள கட்டுரைகளைப் பட்டியலிடும் பக்கத்துக்கு விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே புழங்கும் 'பக்கவழி நெறிப்படுத்தல்'. சொல்லை மட்டும் வைத்து வாதாடினால் முடிவே வராது. ஓர் அரிய ஆங்கிலப் பெயரை எடுத்து எல்லாவற்றையும் அதில் உரசிப் பார்க்கலாம். ஸ்மித் போன்ற பெயர் இதற்கு உதவாது. ஸ்மித் என்றால் கொல்லர். கொல்லர் இல்லாத ஊர் ஏது? எந்த ஸ்மித் எங்கிருந்து வந்தார் என்று சொல்லவே முடியாது. நான் எடுத்துக்கொள்வது வுல்ஸ்டன்ஹோம்.

('வோல்சுடென்ஹோல்ம்' என்று எழுத வேண்டும் என்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உள்ள 'ல்' அவர்கள் வாயிலேயே வருவதில்லை. நாம் ஏன் சுமக்க வேண்டும்? வேண்டுமானால், அந்த வடிவத்தைத் தேடுபவரை இங்கே கொண்டுவரும் வழிமாற்று போட்டுக்கொள்ளலாம்.)

இங்கிலாந்தின் லங்காஷயரில் ராச்டேல் நகருக்கு அருகே வுல்ஸ்டன்ஹோம் என்றொரு சிற்றூர் இருந்தது. அங்கிருந்தவர்களுக்கு ஊர்ப்பெயரே குடும்பப்பெயர் ஆயிற்று. அந்தப் பெயர் கொண்டவர்களில் ஒருவர் லண்டன் வணிகர் சர் ஜான் வுல்ஸ்டன்ஹோம் (1562–1639). ஆசியாவுக்கு வடமேற்குக் கடல்வழி தேடிய பயணங்களுக்குப் பணம் போட்டவர். பணம் போட்டவருக்குக் கப்பல்காரர்கள் நன்றி சொன்ன விதம், வழியில் பட்ட இடத்துக்கெல்லாம் அவர் பெயரை வைத்தது. 1610-இல் ஹென்றி ஹட்சன், இன்றைய கனடாவில் கியூபெக்கின் வடகோடியில் உள்ள முனைக்கு வுல்ஸ்டன்ஹோம் என்று பெயரிட்டார். பக்கத்துத் தீவுகளுக்கு இன்னொரு முதலீட்டாளரான டட்லி டிக்ஸின் பெயர். 1616-இல் வில்லியம் பாஃபின், கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் ஒரு கடற்கழிக்கு அதே வுல்ஸ்டன்ஹோமின் பெயரை வைத்தார். வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ் ஹண்ட்ரட் என்ற குடியேற்றத்தின் நடுவே 'வுல்ஸ்டன்ஹோம் டவுன்' எழுந்தது. 1622 மார்ச்சில் பவ்ஹாட்டன் மக்களின் தாக்குதலில் அழிந்து, 1970-களில் தொல்லியலாளர் ஐவர் நோயல் ஹியூம் அகழ்ந்தபோதுதான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

ஆக, முதலில் ஊரிலிருந்து ஆளுக்கு, பிறகு ஆளிலிருந்து இடத்துக்கு. ஒரே பெயர், எதிரெதிர்த் திசைகள். நம் கலைச்சொல் காட்ட வேண்டியது இந்தத் திசையைத்தான் என்பது என் கட்சி. பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதைப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். அதற்குத் தனிச்சொல் எதற்கு?

சரி, பரிந்துரைகளுக்கு வருவோம்.

'பெயரன்' அழகான சொல். பாட்டன் பெயரைத் தாங்கியவன் என்பதால்தான் பேரனுக்கு அந்தப் பெயர். ஆனால் இன்று 'ஹட்சன் வளைகுடா ஹட்சனின் பெயரன்' என்று எழுதிப் பாருங்கள், வாசகர் எழுந்து போய்விடுவார். 'பெயர்ப் பொருத்தம்' பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். அடுத்த கேள்வி ராசி என்ன, நட்சத்திரம் என்ன என்பதாக இருக்கும்.

'இடவாகுபெயர்' என்ற ஐயாவின் பரிந்துரைதான் கனமானது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கிறேன். 'ஊர் சிரித்தது' என்றால் ஊர் மக்கள் சிரித்தார்கள். 'இந்தியா வென்றது' என்றால் ஆட்டக்காரர்கள் வென்றார்கள். கேட்பவர் மனத்தில் இடமும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். ஆகுபெயர் அந்த வாக்கியத்துக்குள் வாழ்வது. இப்போது 1966 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிபிசி தொலைக்காட்சியில் வர்ணனை செய்தவர் கென்னத் வுல்ஸ்டன்ஹோம். ஜெஃப் ஹர்ஸ்ட் கடைசி கோலுக்கு ஓடும்போது அவர் சொன்னதை இங்கிலாந்தில் இன்றும் சொல்லிக் காட்டுவார்கள். கேட்டவர்களில் யாராவது ராச்டேலுக்குப் பக்கத்துச் சிற்றூரை நினைத்திருப்பார்களா? பெயர் ஊரை விட்டு எப்போதோ கழன்றுவிட்டது. கழன்ற பெயரை ஆகுபெயர் என்றால் நன்னூலாருக்கும் அநியாயம், வாசகருக்கும் குழப்பம்.

'ஒருபெயர்த் தொகுதி' நிகண்டை நினைத்துச் சொன்னது என்று புரிகிறது. ஆனால் திவாகர நிகண்டில் பன்னிரண்டாவது பிரிவாக வரும் 'பல்பொருட் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி' ஐம்பூதம் போன்ற கூட்டுப் பெயர்களுக்கானது. நமக்கு வேண்டியதற்கு நெருங்கியது பதினொன்றாவது, 'ஒருசொல் பல்பொருள்'. அதை வைத்துக்கொள்ளலாம் என்றால் அது எல்லாச் சொல்லுக்கும் பொது; ஆள், ஊர் என்ற வேறுபாடு அதில் இல்லை. போதாக்குறைக்குத் 'தொகுதி' என்றால் இன்று முதலில் தேர்தல்தான் நினைவுக்கு வரும். கணக்குப் பாடத்தில் அதுவே பின்னத்தின் மேலெண்.

கணக்கு என்றதும் ஜோசப் வுல்ஸ்டன்ஹோமை (1829–1891) விட மனமில்லை. 1862-இல் அவர் நிறுவிய தேற்றத்தைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 1 + 1/2 + 1/3 + 1/4 = 25/12. தொகுதி 25, அதாவது 5-இன் வர்க்கம். 1/6 வரை கூட்டினால் 49/20. தொகுதி 7-இன் வர்க்கம். 5-இலிருந்து தொடங்கி எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதற்கு முந்தைய எண் வரை இப்படிக் கூட்டினால், தொகுதி அந்தப் பகா எண்ணின் வர்க்கத்தால் வகுபடும். கனத்தாலும் வகுபட்டால் அது 'வுல்ஸ்டன்ஹோம் பகா எண்'. இதுவரை சிக்கியவை இரண்டுதான்: 16843, 2124679. ஆக இந்தப் பெயர் ஊர், ஆள், முனை, கடற்கழி எல்லாம் தாண்டி எண்ணிலும் ஒட்டிக்கொண்டது. வெறும் 'ஆள்–ஊர்' என்று சொல் ஆக்கினால் இவை வெளியே நிற்கும்.

என் பரிந்துரை இரண்டு சொற்கள். ஊரிலிருந்து ஆளுக்கு வந்தது ஊர்வழிப் பெயர். ஆளிலிருந்து இடத்துக்கோ தேற்றத்துக்கோ வேறு எதற்கோ போனது ஆள்வழிப் பெயர். தாய்வழி, தந்தைவழி என்று உறவைச் சொல்லும் அதே 'வழி'. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஊர்வழிப் பெயர் நமக்கும் புதிதல்ல: உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரும் உண்டு, உ.வே.சா.வின் 'உ' உத்தமதானபுரமும் உண்டு. பட்டியல் பக்கத்துக்கு 'பக்கவழி நெறிப்படுத்தல்' அப்படியே இருக்கட்டும். கரடுமுரடாக இருந்தாலும் ஊன்றிவிட்டது.

'இடவழி' என்றே பொதுவாக வைக்கலாமே என்று இலங்கை நண்பர் கேட்டிருந்தார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1909-இல் ஹட்சன் பே கம்பெனி அந்த முனைக்கருகே திறந்த வணிக நிலையத்துக்கும் வுல்ஸ்டன்ஹோம் என்றே பெயர். அது இடத்திலிருந்து இடத்துக்கு வந்தது. என்றாலும் 'இடவழி' காதில் இடப்பக்கத்து வழி என்றே விழுகிறது. இப்படிப்பட்ட ஒன்றிரண்டை ஒரு வரியில் விளக்கி எழுதிவிடலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'ஆள்வழி' என்பது பெயருக்கான அடைமொழி, இடத்துக்கானது அல்ல. அந்த முனைக்கு இனுயிட் மக்களின் மொழியில் அனௌலிர்விக் என்ற பெயர் உண்டு. எனவே 'ஆள்வழி முனை', 'ஆள்வழி ஊர்' என்றெல்லாம் எழுதத் தொடங்கிவிடக் கூடாது.

தீராமல் இருப்பது பட்டியல் பக்கத்தில் பெயர்களின் வரிசை. ஜோசப்பின் தங்கை எலிசபெத் (1833–1918), மணமான பெண்களின் சொத்துரிமைக்காகவும் வாக்குரிமைக்காகவும் ஓயாமல் உழைத்தவர். பெண்களில் ஒரு பகுதியினருக்கு வாக்குரிமை தந்த சட்டம் நிறைவேறிய அடுத்த மாதம் இறந்தார். 1874-இல் பென் எல்மியை மணந்த பிறகும் பிறந்த வீட்டுப் பெயரை விடாமல் வுல்ஸ்டன்ஹோம் எல்மி என்றே எழுதினார். அவரை அண்ணன் பக்கத்தில் வைப்பதா, 'எல்மி' பக்கத்துக்கு அனுப்புவதா, இரண்டிலும் போடுவதா? நான் இரண்டிலும் என்பேன். தொகுப்பில் கைவைத்தவர்கள் சொல்லுங்கள்.