வேலையற்ற, வேலைகடந்த, உழைப்புக்குப் பிந்திய: எது?

(மாணவர் எழுத்துப் பயிற்சிக் கையேடு ஒன்றுக்குச் சொல் தேடும் நால்வரின் உரையாடல். பேசுவோர் தத்தம் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

கல்லடி: கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. ‘போஸ்ட்-வேர்க்’ (post-work) சமூகத்துக்குத் தமிழ்ச் சொல் வேணும். பயிற்சி இதுதான்: சோறு, வீடு, மருந்து எல்லாம் தாராளம், கூலிக்கு வேலை செய்யத் தேவையில்லாத ஊர், அங்கே ஒருவரின் ஒரு நாளை மாணவர் எழுத வேணும். இப்போதைக்கு ‘வேலையற்ற சமூகம்’ என்று போட்டிருக்கு.

களுவாஞ்சிக்குடி: உடனே எடுங்க சேர். ‘வேலையற்ற’ என்றால் பிள்ளைகளுக்கு நினைவு வருவது மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலை கேட்டுக் குந்தியிருந்த பட்டதாரிகள்தான். 1930இல் பொருளியலாளர் கெயின்ஸ்கூட நூறு வருடத்தில் கிழமைக்கு 15 மணித்தியால வேலை மிஞ்சும் என்றுதான் சொன்னார். ‘வேலைகடந்த’ என்று வைப்போம்.

சம்மாந்துறை: கம்பனில் வேலை என்றால் கடல். வேலை கடந்தவன் அனுமன்! நம்ம ஊரில் கட்டாருக்குப் போனவர். ‘வினையிறந்த’ நல்ல தமிழ். இறத்தல் என்றால் கடத்தல், ‘இறந்தகாலம்’ பாருங்க.

கல்லடி: செத்தவீட்டுச் சொல் என்பார்கள் நானா. வினை என்றால் ஊழ்வினை வேறு.

களுவாஞ்சிக்குடி: மணிமேகலையை ஒருக்காப் பாருங்க. மழை பெய்து பாண்டிநாடு செழித்ததும் அமுதசுரபியோடு நின்ற ஆபுத்திரனிடம் சோறு கேட்க ஆளில்லை. கடைசியில் மணிபல்லவத்தில் உண்ணாதிருந்து உயிர்விட்டான். வளம் பெருகினபிறகு ஒருவன் பொழுதை என்ன செய்வான் என்ற கேள்வி அங்கேயே இருக்கு. ‘அமுதசுரபிச் சமூகம்’?

அக்கரைப்பற்று: அது வளத்துக்கான சொல். இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீங்க. வெள்ளாமை வெட்டுக்கு மெசின் வந்தபிறகு அரிந்த கதிரை உப்பட்டியாகக் கட்டுறது, சூடாகக் குவிக்கிறது, களவெட்டியில் சூடடித்து நெல்லைப் பிரிக்கிறது எல்லாம் போச்சு. வட்டையில், அதாவது வயல்வெளியில், வேலை குறைஞ்சது. அதனால் கூலிக்காரர் வீட்டில் நெல் கூடினதா? வேலை ஒழிவது ஒன்று, வளம் பங்காகி வருவது வேறொன்று. முதலாவதற்கு ‘உழைப்பு’ பொருந்தும். ‘மாசம் எவ்வளவு உழைக்கிறான்?’ என்றால் வருமானத்தைத்தானே கேட்கிறோம்? ஒழியப்போவது அந்த உழைப்புத்தான். தோட்டம் கொத்துவதும் பிள்ளை பார்ப்பதும் ஒழியாது. ‘போருக்குப் பிந்திய’ மாதிரி ‘உழைப்புக்குப் பிந்திய சமூகம்’. வளத்துக்கு ‘நிறைவளம்’.

களுவாஞ்சிக்குடி: நீளம். அட்டவணையில் இரண்டு வரி பிடிக்கும். பரவாயில்லை, சரி.

கல்லடி: மூன்று பேர் சரி என்கிறபடியால் இதையே போடுறன்.

சம்மாந்துறை: போடுங்க. ஆனால் ‘உழைப்பு’, ‘பிந்திய’ இரண்டையும் பக்கத்தில் கண்டால் இந்த மாசமும் சம்பளம் பிந்திப்போச்சு என்றுதான் சனம் வாசிக்கும்.