‘நான் யார்’ விசாரம்: உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, எங்கே தவறுகிறது?

வைகறை:

ரமண மகரிஷியின் ‘நான் யார்?’ சின்னப் புத்தகம்தான். படிக்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஆனால் விசாரம் செய்ய, அதாவது ‘நான்’ என்பது எது என்று உள்ளே ஆராய, கண்ணை மூடி உட்கார்ந்ததும் குழப்பம் வந்துவிடுகிறது. முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

‘நான் யார், நான் யார்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தால் அது மந்திரம் மாதிரி தானாக ஓட ஆரம்பிக்கிறது. பத்து நிமிடத்தில் கண் சொக்குகிறது. எண்ணம் வரும்போது ‘இது யாருக்கு?’ என்று கேட்டால் ‘எனக்கு’ என்று பதில் வருகிறது. சரி, அதற்கு அப்புறம்? புத்தகத்தின் ஆரம்பத்தில் உடம்பு நானல்ல, புலன்கள் நானல்ல என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறதே, அதை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பதுதான் விசாரமா? மார்பின் வலப்பக்கத்தில் கவனம் வைக்க வேண்டும் என்றும் சிலர் சொல்கிறார்கள். இதில் எதைப் பிடிப்பது, எதை விடுவது?

கிரிவலப்பாதை:

முதலில் அந்தப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

புத்தகம் உருவான விதம் தெரிந்தால் இந்தச் சிக்கல் தீரும். 1902 வாக்கில் ரமணர் விருபாட்ச குகையில் பெரும்பாலும் பேசாமல் இருந்தார். தென்னார்க்காடு ஜில்லாவில் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு மணலிலும் பலகையிலும் எழுதிக் காட்டினார். ‘நான் யார்?’ என்ற முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலின் சாரம் ‘அறிவே நான்’ என்பதுதான். தாதுக்கள், ஞானேந்திரியம், கர்மேந்திரியம், பிராணன் என்று போகும் விரிவான பட்டியலைப் பிள்ளை தம் சாத்திரப் படிப்பிலிருந்து சேர்த்துக்கொண்டார். புத்தகம் அச்சானது 1923இல். பிறகு ரமணரே அதைக் கட்டுரை வடிவில் எழுதியபோதும் பட்டியலை எடுக்கவில்லை. ஆனால் அதை ஒரு பயிற்சியாக அவர் எங்கும் சொல்லவில்லை. 1928இல் எழுதிய ‘உள்ளது நாற்பது’ 29ஆம் வெண்பாவில் இதை நேராகவே தீர்த்துவைக்கிறார்: ‘இது நான் அல்ல, அது நான்’ என்று நினைப்பது விசாரத்துக்குத் துணை ஆகும், அதுவே விசாரம் ஆகுமா என்று கேட்கிறார். அதே பாட்டில் ‘நான் என்று வாயால் நவிலாது’ என்றும் வருகிறது. ஆக, பட்டியலை ஒரு தடவை புரிந்துகொண்டு தாண்டிவிடுங்கள். தினமும் ஒப்பிக்க வேண்டாம். ஒப்பித்தால் கவனம் ‘உடம்பு’, ‘மூச்சு’, ‘புத்தி’ என்று ஒவ்வொரு பொருளின் மேலும்தான் போய் உட்காரும். திரும்ப வேண்டிய பக்கம் திரும்பாது.

இப்போது ‘எனக்கு’ என்ற பதிலுக்கு வருவோம். இதுதான் விஷயத்தின் மையம். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

தமிழில் பசி, தூக்கம், வலி, ஞாபகம், பயம் என்று எதைச் சொன்னாலும் அதை உணர்பவர் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையில்தான் வருவார். எனக்குப் பசிக்கிறது, எனக்கு வலிக்கிறது, எனக்குத் தெரியும். எது தோன்றினாலும் அது ஒருவனுக்குத் தோன்றுகிறது. ‘யாருக்கு?’ என்ற கேள்வி நம் பேச்சிலேயே ஒளிந்திருக்கிற அந்த ஒருவனைத் தொடுகிறது. ‘எனக்கு’ என்று நீங்கள் சொன்ன நொடியில், ‘கு’ என்ற உருபு எண்ணத்தின் பக்கம் கை காட்டுகிறது. ‘நான்’ இன்னொரு பக்கம் நிற்கிறது. அதுவரை கவனம் எண்ணத்தின் பக்கம் இருந்தது. அதை அப்படியே ‘நான்’ பக்கம் திருப்புவதுதான் அடுத்த படி. அதற்கு இன்னொரு வாக்கியம் தேவையில்லை. ‘நான் யார்?’ என்பதை வார்த்தையாகச் சொன்னாலும் ஒரு தடவை போதும். சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். ‘நான் ஆத்மா’, ‘நான் பிரம்மம்’ என்று பதில் வந்தால் அதுவும் ஓர் எண்ணமே. அதுவும் யாருக்கோதான் வந்திருக்கிறது.

ஒரு உதாரணம். உட்கார்ந்திருக்கிறீர்கள். ‘சிலிண்டர் புக் பண்ணினோமா?’ என்று ஓர் எண்ணம் கிளம்புகிறது. வழக்கமாக அடுத்த நொடியில் போன், செயலி, போன தடவை எந்தத் தேதி, இந்த மாதம் எவ்வளவு கூட்டியிருக்கிறார்கள் என்று தொடர் நீண்டுவிடும். ‘நான் யார்?’ கட்டுரையில் இந்த இடத்துக்கென்றே ஒரு சொற்றொடர் இருக்கிறது: எண்ணங்களைப் ‘பூர்த்தி பண்ணுவதற்கு எத்தனியாமல்’. அடக்கச் சொல்லவில்லை, விரட்டச் சொல்லவில்லை. முடிக்க முயலாதே என்கிறார். சிலிண்டர் என்ற சொல் பாதியிலேயே நிற்கட்டும். புக் பண்ணினோமா இல்லையா என்று முடிவுகூட எடுக்க வேண்டாம். யாருக்கு? எனக்கு. அந்த ‘நான்’ எங்கிருந்து எழுகிறது என்று பார்வை உள்ளே போகிறது. அரை நொடியோ ஒரு நொடியோ ஒன்றும் இருக்காது. ஆனால் நீங்கள் இருப்பீர்கள். அந்த இருப்பிலேயே தங்க வேண்டும். அடுத்த எண்ணம் வந்தால் மறுபடி இதே வேலை.

அது எத்தனை தடவை வரும் என்று சோர்ந்து போகிறவர்களுக்கு அதே கட்டுரையில் கோட்டை உவமை இருக்கிறது. கோட்டைக்குள் எதிரி இருக்கும்வரை வெளியே வந்துகொண்டேதான் இருப்பான். வர வர வெட்டிக்கொண்டே இருந்தால் கோட்டை கைவசப்படும். அதனால் எண்ணம் அதிகமாக வருகிறதே என்று கலங்க வேண்டாம். உள்ளே கிடந்தது வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

மிதஆகாரம்:

தூக்கம் பற்றிச் சொல்கிறேன்.

உட்கார்ந்ததும் மனம் அமைதியாகி, பிறகு மங்கி, பிறகு ஒன்றும் தெரியாமல் போவதற்கு ‘லயம்’ என்று பெயர். ரமணர் பாடிய ‘உபதேச உந்தியார்’ 13ஆம் பாட்டு ஒடுக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறது: லயம், நாசம். லயித்தது மறுபடி எழும். உரு மாய்ந்தது எழாது. கங்கைக் கரைத் தவசி கதையை ரமணர் இதற்காகவே சொல்வார். தவசி சீடனிடம் தண்ணீர் கேட்கிறார். அவன் கொண்டுவருவதற்குள் சமாதியில் ஆழ்ந்துவிடுகிறார். தலைமுறைகள் போகின்றன, கங்கையே தடம் மாறிப் போய்விடுகிறது. கண் விழித்ததும் அவர் முதலில் கேட்டது ‘தண்ணீர் எங்கே?’ என்றுதான். எந்த எண்ணத்தோடு உள்ளே போனாரோ அதே எண்ணத்தோடு வெளியே வந்தார். அத்தனை காலத்திலும் மனதில் படிந்த பழைய பதிவு, அதாவது வாசனை, ஒன்றுகூடக் கழியவில்லை.

நீங்கள் லயத்துக்குப் போகக் காரணம், கேள்வியை ஜபமாக்கியதுதான். ஒரே சொல் ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வந்தால் தாலாட்டு மாதிரி ஆகிவிடும். கேள்வியில் கூர்மை இருக்காது. சொல்லைக் குறையுங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இருக்கும் அமைதியில் ‘நான் இருக்கிறேன்’ என்ற தெளிவு இருக்கிறதா என்று பாருங்கள். தெளிவு இருந்தால் சரி. அமைதி மட்டும் இருந்து தெளிவு மங்கினால் அது தூக்கத்தின் வாசல். அங்கேயே பிடித்துத் திருப்ப வேண்டும். உள்ளே போன பிறகு பிடிக்க ஆளே இருக்காது.

உடம்பு சார்ந்த காரணங்களும் உண்டு. ராத்திரி தூக்கம் ஐந்து மணி நேரம் என்றால் எந்த விசாரமும் நிற்காது. முதலில் தூங்கி எழுந்திருங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது போகட்டும். கட்டுரையிலேயே நியமங்களில் சிறந்ததாகச் சொல்லியிருப்பது மித சாத்துவிக ஆகாரம். அதில் அளவோடு என்று பொருள்படும் ‘மித’ என்ற சொல்தான் முக்கியம். தயிர்சாதம் சாத்துவிகம்தானே என்று வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் தூங்கத்தான் செய்வீர்கள். முதுகைச் சாய்க்காமல், கண்ணைப் பாதி திறந்து, ஆரம்பத்தில் பதினைந்து நிமிடம் போதும். அதற்கு மேல் மங்கலாக முக்கால் மணி உட்காருவதைவிட, தெளிவாகப் பதினைந்து நிமிடம் இருந்துவிட்டு எழுந்து நடப்பது நல்லது. நடக்கும்போதும் இதையே செய்யலாம். ஆசனம், நேரம், திசை என்று எந்தக் கட்டாயமும் இதில் கிடையாது.

மனம் அடங்காமல் அலைகிற நாளில் மூச்சைக் கவனிக்கலாம். வலையில் பட்ட பறவை போல மனம் ஒடுங்கும் என்பது ‘உந்தியார்’ உவமை. ஆனால் பிராணாயாமம் மனத்தை அடக்க சகாயமாகுமே தவிர மனோநாசம் செய்யாது, அதாவது மனத்தையே இல்லாமல் ஆக்காது என்று ‘நான் யார்’ தெளிவாகச் சொல்கிறது. ஒடுங்கியதும் மூச்சை விட்டுவிட்டு ‘நான்’ பக்கம் திரும்ப வேண்டும். மூச்சிலேயே இருந்துவிட்டால் மறுபடி லயம்தான்.

பழையசுவடி:

கிரிவலப்பாதை ஐயாவும் மிதஆகாரமும் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். ஜபமாக்கக் கூடாது என்பது பொதுவாகச் சரி. ஆனால் ‘நான், நான் என்று கருதிக்கொண்டிருந்தாலுங்கூட அவ்விடத்திற் கொண்டுபோய் விட்டுவிடும்’ என்று அதே கட்டுரையில் ரமணரே எழுதியிருக்கிறார். விசாரம் பிடிபடாதவர்களுக்கு இது ஒரு பிடி. வித்தியாசத்தைக் கவனியுங்கள்: அங்கே ‘நான் யார்’ இல்லை, வெறும் ‘நான்’. கேள்வியை ஜபித்தால் பாதிக் கவனம் வாக்கியத்திலேயே போய்விடும். ‘நான்’ என்ற ஒரே சொல் தன்னைத் தவிர வேறு எதையும் காட்டாது. கருதுவது என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. உச்சரிக்கச் சொல்லவில்லை.

கிரிவலப்பாதை:

உண்மை, ஐயா. அந்த வரியை நான் விட்டிருக்கக் கூடாது.

நிழல்மரம்:

வலப்பக்க இதயம் பற்றி. ‘உள்ளது நாற்பது அனுபந்தம்’ 18ஆம் பாட்டில் மார்பின் நடுவிலிருந்து இரு விரல் வலத்தே இதயம் என்று வருகிறது. அது உண்மைதான். ஆனால் அங்கே கவனத்தைக் குவிப்பது உடம்பின் ஓர் இடத்தைத் தியானிப்பதாகும். ‘நான்’ எங்கே எழுகிறது என்று தேடச் சொன்னால், வலது விலா எலும்பைத் தேடுகிறோம் என்று ஆகிவிடக் கூடாது. ஒருவர் தம்மைச் சுட்டும்போது கை மார்புக்குப் போகிறது, தலைக்குப் போவதில்லை என்று ரமணர் எடுத்துக்காட்டுவார். அது சுட்டுவதற்கு மட்டும். இடம் தெரிந்தால் தெரியட்டும். தெரியாவிட்டால் எந்த நஷ்டமும் இல்லை.

இன்னொன்றையும் அக்கறையோடு சொல்கிறேன், யாரும் அதைச் சொல்வதில்லை. மனச்சோர்வு, கடும் பதற்றம் உள்ளவர்கள் ‘நான் இல்லை, எதுவும் நிஜமில்லை’ என்று தனியாக உட்கார்ந்து ஆராய்ந்தால் சில சமயம் தன்னையே தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற மாதிரி மரத்துப்போன உணர்வு வரும். மனநல மருத்துவத்தில் இதை அறிகுறியாகவே பார்க்கிறார்கள். இதை ஞானத்தின் முதல் படி என்று நினைத்துக்கொண்டு தொடராதீர்கள். அடையாளம் காண்பது கடினமில்லை. விசாரத்தில் ‘இருக்கிறேன்’ என்பது தெளிவாகும், வீட்டு மனிதர்கள் மேல் பரிவு குறையாது. மரத்துப்போன நிலையில் ‘இருக்கிறேன்’ என்பதே மங்கும், யாரோடும் ஒட்டாது, பயம் இருக்கும். அப்படி இருந்தால் உட்காருவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். குணமான பிறகு விசாரத்துக்குத் திரும்பலாம். அது எங்கேயும் போய்விடாது.

வைகறை:

எல்லோருக்கும் நன்றி. ‘பூர்த்தி பண்ணுவதற்கு எத்தனியாமல்’ என்ற சொற்றொடரை இத்தனை நாள் கண் தாண்டிப் போயிருக்கிறது. கடைசியாக இரண்டு கேள்வி. வேலை பார்த்துக்கொண்டே செய்ய முடியுமா? இதற்கும் முக்திக்கும் என்ன சம்பந்தம்? தன்னை அறிவது வேறு, விடுதலை வேறு என்றுதான் நினைத்திருந்தேன்.

கிரிவலப்பாதை:

இரண்டாவதற்குக் கட்டுரையின் ஒரு வாக்கியமே பதில்: ‘பந்தத்திலிருக்கும் தான் யாரென்று விசாரித்துத் தன் யதார்த்த சொரூபத்தைத் தெரிந்துகொள்வதே முக்தி.’ தெரிந்துகொண்ட பிறகு கிடைப்பது என்று சொல்லவில்லை, தெரிந்துகொள்வதே என்கிறார். கட்டுண்டவன் யார் என்று தேடிப் போனால் அந்த ஆளே அகப்படுவதில்லை. தேடினால் ஓட்டம் பிடிக்கும் பேய் என்று அகந்தையை ‘உள்ளது நாற்பது’ 25ஆம் பாட்டு சொல்வதும் இதைத்தான்.

வேலையில்: கணக்குப் பார்க்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் முழுக் கவனமும் வேலையிலேயே இருக்கட்டும். அங்கே விசாரம் செய்யப் போய்த் தப்புப் பண்ணாதீர்கள். இடைவெளிகள் நிறைய உண்டு. லிப்டுக்கு நிற்கும்போது, சிக்னலில் நிற்கும்போது, யாராவது கடுமையாகப் பேசி உள்ளே சுருக்கென்று தைக்கும்போது. கடைசியில் சொன்னதுதான் மிக நல்ல சமயம். அவமானம் வரும்போது ‘நான்’ வெட்டவெளிச்சமாக எழுந்து நிற்கும், தேட வேண்டியதே இல்லை. பதில் சொல்ல வாய் திறக்கும் முன் ஒரு நொடி, யாருக்குத் தைத்தது என்று பாருங்கள். பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்.

வைகறை:

ஒரு தடவை உட்கார்ந்தால் எத்தனை முறை கேட்கலாம்?

மிதஆகாரம்:

எண்ணிக்கை வேண்டாம். எண்ணம் ஓடினால் கேளுங்கள், ஓடாதபோது கேட்கவே வேண்டாம். பிணஞ்சுடு தடி என்று கட்டுரை சொல்வது இந்தக் கேள்வியைத்தான்: பிணத்தைக் கிளறிவிட்டுத் தடியும் அந்த நெருப்பிலேயே வேக வேண்டும். நாளைக் காலை பல் தேய்த்ததும், காபிக்கு முன்னால், பதினைந்து நிமிடம் உட்காருங்கள். எங்கே மங்குகிறது என்பதை மட்டும் இங்கே வந்து எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.