18 மீட்டர்ல ஒழுங்கா போற வில்லு 70ல ஏன் சிதறுது? ரிகர்வ் (ஒலிம்பிக் வில்) ட்யூனிங் அனுபவங்களைப் பகிருங்க

பாரிஸ் 2024 ஆண்கள் ஃபைனல் பாத்திருப்பீங்க, கிம் வூஜின், பிராடி எலிசன் ரெண்டு பேரும் ஷூட் ஆஃப்ல 10 அடிச்சாங்க, 4.9 மில்லிமீட்டர் வித்தியாசத்துல தங்கம் யாருக்குன்னு முடிவாச்சு. 70 மீட்டர்ல அதான் விஷயம். கண்ணுக்கும் சைட் பின்னுக்கும் (குறி பாக்கற புள்ளி) சுமார் 90 செ.மீ. தூரம்னு வச்சுக்கிட்டா, பின் 1 மில்லிமீட்டர் நகர்ந்தா டார்கெட்ல கிட்டத்தட்ட 8 செ.மீ. தள்ளிப் போகும், 10 வட்டத்தோட குறுக்களவே 12.2 செ.மீ.தான். சைட்டுக்கே இப்படின்னா, வில்லை விட்டுக் கிளம்பும்போதே அம்பு எதுலயாவது உரசினா என்ன ஆகும்னு பாருங்க.

எங்க கிரவுண்டுல ஒரு பொண்ணு, காலேஜ் படிக்குது, உள்ளரங்குல 18 மீட்டர்ல அருமையா அடிக்கும். 70க்கு வந்ததும் குரூப்பே (அம்புங்க சேர்ந்து விழறது) இல்ல, ஒரு அம்பு மஞ்சள்ல நின்னா அடுத்தது நீலத்துல, ஒரு பக்கமா போனாலாவது காரணம் புரியும், இது எல்லா பக்கமும் போகுது. ரிலீஸ் சரியில்ல, கிளிக்கர் (முழுசா இழுத்ததும் டிக்குன்னு சத்தம் போடற தகடு) வரும்போது தோள் தளருது, மனசு பதறுதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டாங்க. புள்ளை ரொம்ப சோர்ந்து போச்சு. எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்ல, ஏன்னா பக்கத்துல நின்னு பாத்தா ஒவ்வொரு ஷாட்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு.

சரி, வில்லைப் பாப்போம்னு ஆரம்பிச்சோம். ப்ரேஸ் ஹைட் (கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள தூரம்), டில்லர் (மேல், கீழ் லிம்ப்ல இருந்து நாணுக்கு உள்ள தூர வித்தியாசம்), நாக்கிங் பாயிண்ட் (நாண்ல அம்பை மாட்டற இடம்), சென்டர் ஷாட் (நாணுக்கு நேரா அம்பு நிக்கற நிலை) எல்லாமே ஓகே. அப்புறம் 30 மீட்டர்ல இறகு ஒட்டின அம்பு கொஞ்சம், பேர் ஷாஃப்ட் (இறகு இல்லாத அம்பு) கொஞ்சம் அடிக்கச் சொன்னேன். பேர் ஷாஃப்ட் கிட்டத்தட்ட சேர்ந்தே விழுந்துச்சு, அதோட விட்டிருந்தா ட்யூன் ஆகிடுச்சுன்னு தோணும். ஆனா நல்லா கவனிச்சா, இறகே இல்லாத அம்புங்க நெருக்கமா நிக்குது, இறகு உள்ளதுதான் விரிஞ்சு நிக்குது! தலைகீழா இருக்கில்ல? இறகு அம்பை நேராக்கத்தான் இருக்கு, அதுவே குரூப்பைக் கெடுக்குதுன்னா அது போற வழியில எதையோ தட்டுதுன்னு அர்த்தம்.

முகத்துக்குப் போடற பவுடரை ரெஸ்ட் (அம்பைத் தாங்கற கம்பி), பட்டன் (அம்புக்குப் பக்கவாட்டுல இருக்கற ஸ்பிரிங் முனை), ரைசர் (வில்லோட நடுப்பகுதி) ஜன்னல் பக்கமெல்லாம் லேசா தூவிட்டு ஒரு அம்பு விட்டோம். ரெஸ்ட் கம்பி முனையில கோடு விழுந்துச்சு, ஸ்பின் விங் (சுருண்ட பிளாஸ்டிக் இறகு) ஒண்ணோட ஓரத்துலயும் பவுடர். கம்பி அம்பைத் தாண்டி வெளிய நீட்டிட்டு இருந்துச்சு, மேல இருந்து பாத்தா அது ஷாஃப்டுக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கணும். கொஞ்சம் நறுக்கினோம், அம்போட நாக்கை (நாண்ல மாட்டற பின்முனை) ஒரு துளி திருப்பி வச்சோம், மறுபடி பவுடர் போட்டா தடம் இல்ல. அன்னிக்கே 70ல அம்பெல்லாம் சிவப்பு மஞ்சளுக்குள்ள வந்துடுச்சு. 18ல இது தெரியாததுக்குக் காரணம் தூரம்தான், அம்பு கெட்டுப் போறதுக்குள்ள டார்கெட் வந்துடுது, 70க்கு அது ஒரு செகண்டுக்கு மேல காத்துல இருக்கணும்.

அதனால ஆளைக் குறை சொல்றதுக்கு முன்னாடி வில்லைப் பாருங்க, கோச்சா இருக்கிறவங்களுக்கு இதைக் கேட்டுக்கறேன். உங்க அனுபவத்தையும் எழுதுங்க.

———

அண்ணா, என் விஷயத்துல ப்ரேஸ் ஹைட்தான். 68 இன்ச் வில்லுக்கு 21.5ல இருந்து 23.5 செ.மீ. வரைக்கும்னு பொதுவா சொல்வாங்க, ஆனா அந்த இடைவெளிக்குள்ள எங்கன்னு வில்லுதான் சொல்லணும். கீழ் அளவுல ஆரம்பிச்சு நாணை நாலஞ்சு முறுக்கு ஏத்துவேன், அடிப்பேன், சத்தத்தைக் கேப்பேன், மறுபடி முறுக்கு. ஒரு இடத்துல சத்தம் அடங்கி கையில அதிர்வு குறையும், குரூப்பும் அங்கதான் சுருங்கும். புது நாண்னா முதல்ல நிறைய அம்பு விட்டு அது படியணும், அப்புறம்தான் அளக்கறதுல அர்த்தம். முறுக்கு மாத்தினா நாக்கிங் பாயிண்டையும் ஸ்கொயர் (T வடிவ அளவுகோல்) வச்சு திரும்பப் பாருங்க, அதுவும் நகரும். தினமும் காலைல முதல் அம்புக்கு முன்னாடி அளந்து நோட்டுல எழுதிடுவேன்.

———

நான் சொல்றது அம்பைப் பத்தி. எல்லா ஷாஃப்டுலயும் நம்பர் எழுதுங்க, எந்த நம்பர் எங்க விழுதுன்னு ஒவ்வொரு எண்டுக்கும் (ஒரு சுத்துல விடற அம்புங்க) பேப்பர்ல குறிங்க. எங்க மாஸ்டர் இதைக் கண்டிப்பா செய்யச் சொல்வார், எண்ட் முடிஞ்சதும் பேப்பரைத்தான் முதல்ல கேப்பார். ஒரே அம்பு திரும்பத் திரும்ப வெளிய போகுதுன்னா முதல்ல நாக்கை மாத்தணும், சரியாகலன்னா நாக்கைத் திருப்பி வேற இறகை உள்பக்கம் வச்சுப் பாக்கணும், அதுக்கும் அடங்கலன்னா மேட்ச் செட்டுல இருந்து அதை எடுத்துடணும். கார்பன் அம்பு மரச் சட்டத்துலயோ இன்னொரு அம்பு மேலயோ மோதிச்சுன்னா லேசா வளைச்சு காதுகிட்ட வச்சுப் பாருங்க, நொறுங்கற சத்தம் கேட்டா அதை விடவே கூடாது, கையில குத்திடும். தயவுசெஞ்சு இதுல அலட்சியம் வேண்டாம்.

———

அண்ணா ஒரு சந்தேகம், நான் வலது கைக்காரன், பேர் ஷாஃப்ட் இடது பக்கம் போகுது, கொஞ்சம் கீழயும் போகுது. பட்டனைத் தொடலாமா? எங்க ஊர்ல சாயங்காலம் காத்து வேற அதிகம்.

———

தம்பி, வலது கைக்கு இடது பக்கம்னா அம்பு ஸ்டிஃபா (சரியா வளையாம விறைப்பா) நடந்துக்குது. கொஞ்சம்தான் தள்ளியிருக்குன்னா பட்டன் ஸ்பிரிங்கைத் தளர்த்துங்க. நிறைய தள்ளியிருந்தா பட்டனால தீராது, முனையில கனமான பாயிண்ட் போடலாம், இல்ல லிம்ப் போல்ட்ல (வில்லோட கைகளைப் பிடிக்கற போல்ட்) இழுவை வெயிட் கொஞ்சம் ஏத்தலாம், அதுலயும் வரலன்னா அம்போட ஸ்பைனே (வளையற தன்மை) தப்பு. கீழ போறதைப் பத்திப் பயப்படாதீங்க, நாக்கிங் பாயிண்ட் ஒரு துளி உசரமா இருக்குன்னு அர்த்தம், ரெஸ்ட்டுல தட்டாம இருக்க அந்தக் கொஞ்சம் நல்லதுதான். மேல போனாதான் உடனே பாக்கணும்.

காத்துல இதெல்லாம் செய்யாதீங்க, பக்கக் காத்து பேர் ஷாஃப்டையும் இறகு அம்பையும் ஒரே மாதிரி தள்ளாது, விடியக்காலம் போங்க. 20, 30ல ஒத்து வந்தப்புறம் மட்டும் தூரத்தை ஏத்துங்க, இல்லன்னா பேர் ஷாஃப்ட் டார்கெட்டையே தவறவிட்டு எங்கயாவது போயிடும், பின்னாடி ஆள் இல்லன்னு பாத்துக்கணும்.

70க்கு வந்ததும் பேர் ஷாஃப்டை மறந்துட்டு குரூப்போட அகலத்தை மட்டும் பாருங்க. பட்டனை எட்டுல ஒரு பங்கு சுத்து மாத்துங்க, சில எண்ட் அடிங்க, எழுதுங்க, மறுபடி மாத்துங்க. குரூப் இடம் மாறினா சைட்டை நகர்த்திக்கலாம், அது பிரச்சனை இல்ல. ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். அடிச்சுட்டு ஷீட்டை இங்க போடுங்க, சேர்ந்து பாப்போம்.