உயிருள்ள சுண்டெலிக்குப் பழகிய பாம்பு, உறைய வைத்த எலியைத் தொட மறுக்கிறது: உதவி தேவை

வேளச்சேரி வாசகி:
வணக்கம். அவசரமாக எழுதுகிறேன். என் பாம்பு இதுவரை உயிருள்ள சுண்டெலியை மட்டுமே தின்று வந்தது. வழக்கமாக வாங்கும் இடத்தில் சுண்டெலி கிடைப்பது அரிதாகிவிட்டதாலும், துடிக்கும் உயிரைப் பெட்டிக்குள் விடுவது மனத்துக்கு ஒவ்வாததாலும், உறைய வைத்த எலிக்கு மாற்ற முடிவு செய்தேன். உருக்கிக் கொடுத்தால் அருகில் வருகிறது, நாக்கை நீட்டிப் பார்க்கிறது, பிறகு தலையைத் திருப்பிக்கொள்கிறது. ஒவ்வொரு மாலையும் கொடுத்துப் பார்க்கிறேன், பயனில்லை. பட்டினியால் இறந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். என்ன செய்யலாம்?

கிண்டி நடையாளர்:
எந்த வகைப் பாம்பு என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டருகே பிடிபட்ட சாரைப்பாம்போ, மலைப்பாம்புக் குட்டியோ என்றால் அதை வளர்ப்பதே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உடனே வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டு இனமாக இருந்தால் பெயரைச் சொல்லுங்கள்.

பெரம்பூர் ஊர்வனர்:
வகையோடு எடை, ஆணா பெண்ணா, பெட்டியின் வெப்பநிலை, அண்மையில் சட்டை உரித்ததா, எலியை எப்படி உருக்குகிறீர்கள் என்பவற்றையும் எழுதுங்கள். இவை தெரியாமல் யார் சொல்லும் தீர்வும் ஊகமாகவே இருக்கும்.

சீறல் (மூத்த உறுப்பினர்):
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை கேட்கப்பட்டு விடையும் சொல்லப்பட்டிருக்கிறது. வளர்க்கத் தொடங்குவதற்கு முன்பே படித்திருக்க வேண்டிய அடிப்படை இது. பாம்பு தின்ன மறுப்பது பெரும்பாலும் நோயால் அல்ல. வளர்ப்பவரின் ஏற்பாட்டில் உள்ள குறையின் அறிகுறி. முதலில் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அதன் பிறகு பேசலாம்.

கொளத்தூர் மீன்தொட்டி:
சென்னையில் வாழும் பாம்புக்குத் தனியாக வெப்பம் எதற்கு என்பதே என் கருத்து. எனக்குத் தெரிந்தவரை இத்தகைய மறுப்புக்குக் காரணம் குடற்புழுதான். புழுநீக்க மருந்து கொடுத்தால் மறுவாரமே தின்னும்.

வேப்பேரி மாணவி:
கால்நடை மருத்துவம் படிக்கிறேன். மலத்தைப் பரிசோதிக்காமலும் எடையைக் கணக்கிடாமலும் பாம்புக்குப் புழுநீக்க மருந்து கொடுப்பது ஆபத்தானது. பட்டினியில் இருக்கும் உடலில் அது மேலும் சுமையாகும். வாயைச் சுற்றிச் சளியோ சீழோ இருக்கிறதா, மூச்சு விடும்போது மூக்கில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இவை இருந்தால் ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் செல்லுங்கள். இல்லையென்றால் மருந்துக்கு இப்போது வேலையில்லை.

வேளச்சேரி வாசகி:
மன்னிக்கவும், விவரம் தருகிறேன். பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருளும் சிறிய வகை மலைப்பாம்பு), ஆண், எடை 620 கிராம். வெளிநாடு சென்ற நண்பர் பதிவு ஆவணங்களோடு கொடுத்தது. வாயும் மூக்கும் சுத்தமாக இருக்கின்றன. சட்டை உரித்துச் சில வாரங்கள் ஆகின்றன. பிளாஸ்டிக் பெட்டி, படுக்கையறைத் தரையில் இருக்கிறது. வெப்பத்தகடு வைக்கவில்லை, கையால் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் தெரிகிறது. எலியைக் குழாய்நீரில் உருக்குகிறேன்.

கிண்டி நடையாளர்:
பதிவு நண்பர் பெயரில் இருந்தால் அது போதாது. பால் பைத்தான், அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் (CITES) இரண்டாம் பின்னிணைப்பில் உள்ள இனம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கும் 2024இல் வந்த விதிகளுக்கும் பிறகு, கைமாறியதையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். அதை முடித்துவிடுங்கள்.

பெரம்பூர் ஊர்வனர்:
இப்போது படம் தெளிவாகிறது. கொளத்தூர் நண்பர் சொன்னதற்கு மாறாக, மார்கழி இரவில் நம் ஊரின் வெப்பம் 21 பாகை செல்சியஸ் வரை இறங்குகிறது. மொசைக் தரையில் இருக்கும் பெட்டி அதற்கேற்பக் குளிர்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்த இனத்துக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை வரையும், மறுபக்கம் 25 முதல் 27 வரையும் இருக்க வேண்டும். உடல் சூடில்லாத பாம்பால் செரிக்க இயலாது. செரிக்க இயலாதபோது தின்ன மறுப்பது அதன் அறிவு. வற்புறுத்தித் தின்ன வைத்தால் கக்கிவிடும். ஆகவே தெர்மோஸ்டாட்டுடன் (வெப்பம் அளவை எட்டியதும் தானாக அணைக்கும் கருவி) இணைத்த வெப்பத்தகடு முதல் தேவை. தெர்மோஸ்டாட் இல்லாத தகடு பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். மேலும், இந்த இனத்தின் ஆண்கள் இனப்பெருக்கக் காலமான குளிர்மாதங்களில் தாமாகவே உண்ணாமல் இருப்பதுண்டு. நல்ல உடல்நிலையில் உள்ள பால் பைத்தான் சில மாதங்கள் பட்டினியைத் தாங்கும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

இனி இரையைப் பற்றி. நீங்கள் ஒரே வேளையில் இரண்டை மாற்றியிருக்கிறீர்கள்: உயிருள்ளது செத்ததாயிற்று, சுண்டெலி எலியாயிற்று. பால் பைத்தானின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. இருட்டில் இரை இருக்கும் இடத்தை அவற்றாலும், அது என்ன இரை என்பதை நாக்கால் பிடிக்கும் மணத்தாலும் அறிகிறது. உங்கள் எலியிடம் வெப்பமும் இல்லை, பழகிய மணமும் இல்லை. முதலில் உறைய வைத்த சுண்டெலியைக் கொடுங்கள். அதைத் தயங்காமல் ஏற்ற பிறகே எலிக்கு மாற்றுங்கள்.

அடையாறு ஆந்தை:
அடிப்படையையே கேள்வி கேட்கிறேன். பாம்பு வேட்டையாடப் பிறந்தது. செத்ததைக் கொடுத்துப் பழக்குவது நம் மனவசதிக்காக அதன் இயல்பை மாற்றுவதாகாதா? எலியை உயிரோடு விட்டால் இந்தச் சிக்கலே எழாது.

வேப்பேரி மாணவி:
காட்டில் பாம்புக்கும் எலிக்கும் விலகி ஓட இடமுண்டு. பெட்டிக்குள் இரண்டுக்கும் இல்லை. பசியில்லாத பாம்போடு விடப்பட்ட எலி அதன் முதுகைத் தசை தெரியும் அளவுக்குக் கடித்துவிடும். அப்படிப்பட்ட காயம் ஆற மாதக்கணக்கில் ஆவதுண்டு. எலியின் வெட்டுப்பற்கள் சுண்டெலியின் பற்களைவிட வலியவை என்பதால், சுண்டெலியோடு நேராத விபத்து எலியோடு நேரலாம்.

அடையாறு ஆந்தை:
அருகில் நின்று கண்காணித்தால் அந்த ஆபத்து இல்லை. நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் கொடுக்கிறேன்.

சீறல்:
கண்காணிப்பு என்பது கடி விழும் வரைதான். பாம்பு சுற்றி இறுக்கும் நொடியில் எலி திரும்பிக் கண்ணைக் கடித்தால், நின்று பார்ப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. அனுபவம் உள்ளவர்களே புதியவர்களுக்கு இந்த அறிவுரையைக் கொடுப்பது வருத்தமளிக்கிறது.

கிண்டி நடையாளர்:
எலியின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். முறையாக, வலியின்றிக் கொல்லப்பட்டு உறைய வைத்த எலி, மூலையில் நடுங்கிக்கொண்டு காத்திருக்கும் எலியைவிடக் குறைவாகவே துன்பப்படுகிறது. கேள்வி கேட்டவரின் மனத்தில் இருப்பதும் அதுதான். அதை மதித்து வழி சொல்வோம்.

பெரம்பூர் ஊர்வனர்:
ஆம், வழிக்கு வருவோம். முந்தைய இரவே இரையைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். வீட்டில் சைவம் உண்பவர்கள் இருந்தால் மூடிபோட்ட தனி டப்பாவில் வையுங்கள். பலர் இதற்காகவே சிறிய உறைபெட்டி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார்கள். நன்கு உருகியதும் காற்றுப் புகாத உறையிலிட்டுச் சுடுநீரில் வைத்து, மேல்தோல் 38 முதல் 40 பாகை வரை சூடாக்குங்கள். கொதிநீரும் மைக்ரோவேவும் கூடாது. இரையின் வயிறு வெந்து வெடித்துவிடும். ஈரத்தைத் துடைத்து, கடைசியாகத் தலையை மட்டும் முடி உலர்த்தியால் ஒருமுறை சூடேற்றினால், பாம்பு தலையைக் குறிபார்த்துப் பிடிக்கும். விளக்கை அணைத்து, நீண்ட இடுக்கியால் பாம்பு பதுங்கும் மறைவிடத்தின் வாயிலருகே காட்டி மெல்ல அசையுங்கள். முகத்தில் இடிக்காதீர்கள். மறுத்தால் இரையை வாயிலருகே இரவு முழுதும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுங்கள். வெட்கமுள்ள பாம்புகள் பல இப்படித்தான் தொடங்குகின்றன. காலையில் மிஞ்சியிருந்தால் எறிந்துவிடுங்கள். திரும்ப உறைய வைக்கக் கூடாது.

மிக முக்கியமானது, மாலைதோறும் கொடுப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முயற்சியும் அதற்கு ஒரு அச்சம். ஒரு வாரம், பத்து நாள் இடைவெளி விடுங்கள். அதுவரை கையில் எடுக்கவும் வேண்டாம்.

எலிக்கு மாறும் கட்டத்தில், சுண்டெலி அளவே உள்ள இளம் எலியை எடுத்து, மணமில்லாத சோப்பால் கழுவி அலசி, சுண்டெலிக் கூண்டின் பழைய மரத்தூளில் புரட்டிக் கொடுங்கள். வேளைக்கு வேளை அந்த மணத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வளர்ந்த சுண்டெலி பெரும்பாலும் 20 முதல் 40 கிராம் வரைதான் இருக்கும். இப்போதே 620 கிராம் உள்ள பாம்பு மேலும் வளரும்போது வேளைக்குப் பல சுண்டெலிகள் தேவைப்படும். ஆகவே எலிக்கு மாற நினைத்தது சரியான முடிவே.

வேப்பேரி மாணவி:
கோழிக்குஞ்சின் இறகைத் தேய்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது பலித்தால் பாம்பு அந்த மணத்தையே கேட்கத் தொடங்கிவிடும். கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். எதைத் தொட்டாலும் கையைச் சோப்பால் கழுவுங்கள். உறைய வைப்பதால் சால்மோனெல்லா சாவதில்லை.

கொளத்தூர் மீன்தொட்டி:
மார்கழி இரவைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் சித்திரையில் அந்தத் தகடே ஆபத்தாகிவிடாதா?

பெரம்பூர் ஊர்வனர்:
தகடு ஆபத்தாகாது, தெர்மோஸ்டாட் அதை அணைத்துவிடும். சித்திரையில் கவலை குளிர்ந்த பக்கத்தைப் பற்றியது. அறையே 34 பாகையானால் பாம்பு ஒதுங்க இடமிருக்காது. அப்போது ஏசி தேவைப்படும். ஏசி ஈரப்பதத்தைக் குறைக்கும் என்பதால் நீர்க்கிண்ணத்தைப் பெரிதாக்கி, ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமல் பார்க்க வேண்டும்.

வேளச்சேரி வாசகி:
அனைவருக்கும் நன்றி. வெப்பத்தகடும் தெர்மோஸ்டாட்டும் வைத்தேன். நீங்கள் சொன்ன இடைவெளியும் விட்டேன். நேற்றிரவு வாயிலருகே விட்டுவந்த உறைசுண்டெலி காலையில் இல்லை, வயிறு புடைத்திருக்கிறது. எலியை இன்னும் கொடுக்கவில்லை. பரிவேஷ் விண்ணப்பமும் அனுப்பிவிட்டேன்.

சீறல்:
நல்லது. இரண்டு நாள் தொடாதீர்கள். இன்னும் சில வேளை உறைசுண்டெலியையே கொடுங்கள். இடுக்கியிலிருந்து தானாகப் பாய்ந்து பிடிக்கத் தொடங்கிய பிறகு எலியைப் பற்றி யோசிக்கலாம்.